ஜோடிப் பை

சோயாச் செடியின் வேரைப் பார்க்க வேண்டுமென்றால் செடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் தண்டும் நடுவேரும் கையோடு வந்துவிடும். பார்க்க வேண்டியது மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். மண் தானாகக் கரைந்து இறங்கும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அண்ணிக்கு அந்தப் பொறுமை இல்லை.

"என்னம்மா இது, கைக்கொழந்தைய குளிப்பாட்டுற மாதிரி? வயலே காமாலை புடிச்ச மாதிரி கெடக்கு. நீ வேருக்கு அழுக்கு தேச்சுக்கிட்டு இருக்க."

"தேய்க்கல அண்ணி. ஊற வைக்கிறேன்."

"ஊறட்டும் ஊறட்டும். நாங்க காயறோம்."

அண்ணன் வரப்பில் குந்தி உட்கார்ந்திருந்தார். அந்த நிலத்தை அவர் குத்தகைக்கு எடுத்தது இந்தப் பருவத்தில்தான். அதற்கு முன் பல வருஷங்களாக அதில் மக்காச்சோளம் மட்டுமே போட்டிருந்தார்கள். சோயா போடலாம், யூரியா வேண்டாம், எங்கள் ஆய்வுக்கூடத்து பாக்டீரியா பாக்கெட் போதும் என்று சொன்னது நான். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தண்ணீரிலிருந்து வேரை எடுத்தேன். கழுவிக் காயப்போட்ட நூல்கண்டு மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு முடிச்சு இல்லை.

அது ஏன் மோசம் என்று சொல்லிவிடுகிறேன். காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். செடிக்கு அது வேண்டும், ஆனால் காற்றிலிருந்து எடுக்கத் தெரியாது. பூட்டிய கடைக்கு முன்னால் பசியோடு நிற்பவன் கதைதான். சாவி மண்ணில் வாழும் ஒரு வகை பாக்டீரியாவிடம் இருக்கிறது. முளைத்த வேர் மண்ணுக்குள் ஒரு பொருளைக் கசியவிட்டு அதைக் கூப்பிடும். கேட்ட பாக்டீரியா தானும் ஒரு பொருளைச் சுரந்து பதில் சொல்லும். பதில் வந்ததும் வேரின் மயிரிழை ஒன்று விரல் மாதிரி மடங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு செடி அதற்கென்று வேரிலேயே ஓர் உருண்டை அறை கட்டிக் குடிவைக்கும். அதுதான் வேர்முடிச்சு. செடி சர்க்கரை தரும், பாக்டீரியா நைட்ரஜன் தரும். நன்றாக வேலை செய்கிற முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு அது பங்காளி. அறைக்குள் ஆக்ஸிஜன் அதிகமானால் பாக்டீரியாவின் இயந்திரம் கெட்டுவிடும் என்பதால், அதை அளந்து கொடுக்கச் செடி தயாரிக்கும் சிவப்பு.

மக்காச்சோளம் மட்டுமே விளைந்த மண்ணில் சோயாவுக்கான பாக்டீரியா இருக்காது. நாம் விதையோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்திருந்தோம். வேரில்தான் காணோம்.

"அண்ணே, விதையை எப்படிக் கலந்தீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"சர்க்கரைத் தண்ணி தெளிச்சேன். பையில இருந்ததை வாளில கொட்டி பெரட்டினேன். நெழல்ல காயவெச்சேன். விதைச்சேன்."

"பாக்கெட்டுல இருந்ததைத்தானே?"

"பையில இருந்ததை. ரெண்டையும்தான்."

"ரெண்டா?"

அண்ணி மோட்டார் அறைக்குள் போய் ஒரு காலிப் பையைக் கொண்டுவந்தார். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை. அதற்குள் எங்கள் ஆய்வுக்கூடத்தின் கரித்தூள் பாக்கெட். அதன் முதுகோடு முதுகாக, ஸ்டேப்ளர் பின் அடித்து, சிவப்புப் பொடிப் பொட்டலம் ஒன்று. விதை அழுகாமலிருக்கப் போடும் பூஞ்சைக்கொல்லி. பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பெரிய எழுத்தில் இருந்தது: ஜோடிப் பை. ஒரே வாளி, ஒரே வேலை.

"எங்கண்ணன் கடையில குடுத்தது. இப்பல்லாம் எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க. உங்க ஆபீஸ் சாமான்தானே, உனக்கே தெரியாதா?"

தெரியாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் வேலை, ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் ஒரு பாக்கெட்டைப் பிரித்து உள்ளே எத்தனை பாக்டீரியா உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவது. எண்ணி முடித்ததும் பெட்டிகள் பின்வாசல் வழியாக வண்டி ஏறும். அதன் பிறகு அவை என்ன ஆகின்றன என்று பார்க்க யாரும் வாசலைத் தாண்டியதில்லை. விற்பனை மளமளவென்று ஏறியதாகச் சொன்னார்கள். மாதக் கூட்டத்தில் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

"பூனையையும் எலியையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டியிருக்காங்க அண்ணி."

"எது பூனை, எது எலி?"

"செவப்பா இருக்கே, அது பூனை."

"அப்ப உன் எலியைத்தான் நம்பி நாங்க யூரியா போடாம உக்காந்திருக்கோமா?" என்றார் அண்ணி.

ஒரு கைப்பிடி சோயா விதையையும் புது ஜோடிப் பை ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். விதையை இரண்டு பங்காக்கினேன். ஒரு பங்கில் எங்கள் கரித்தூளை மட்டும் கலந்தேன். இன்னொன்றில் சீட்டில் சொன்னபடி இரண்டையும். ஒருவர் விதையைக் கலந்து, உலர்த்தி, வயலுக்குக் கொண்டுபோய் விதைத்து முடிக்க ஆகும் நேரம்வரை அப்படியே வைத்தேன். பிறகு விதைகளைத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைப் பத்து மடங்கு நீர்க்கவைத்து, அதிலிருந்து ஒரு சொட்டை மறுபடி பத்து மடங்கு நீர்க்கவைத்து, இப்படியே போய், கடைசிச் சொட்டைத் தட்டில் ஊட்டக் கூழின் மேல் தடவி வெப்பப் பெட்டியில் வைத்தேன். உயிரோடு இருக்கும் ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகிப் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாக வளரும். புள்ளிகளை எண்ணிப் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். இதுதான் என் பிழைப்பு. அங்கே எனக்குத் தட்டு மேடம் என்றே பெயர்.

சோயா பாக்டீரியா சோம்பேறி ஜாதி. மற்றவை ஒரே நாளில் தட்டை நிரப்பிவிடும். இது புள்ளி வைக்க ஒரு வாரம் எடுக்கும். ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். கரித்தூள் மட்டும் போட்ட தட்டில் பால் துளி தெளித்தாற்போல் புள்ளிகள். ஜோடித் தட்டு வெறுமையாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் என் கண்ணாடியில் இருந்த தூசி.

அந்தப் பொடியின் மேல் எனக்குக் கோபமில்லை. அதற்குக் கொடுத்த வேலையை அது செய்கிறது. உயிரணுவுக்குள் வேலை செய்யும் புரதங்களில் கந்தகம் இருக்கும் இடங்களை அது பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட புரதம் வேலையை நிறுத்திவிடும். பூஞ்சைக்கும் அந்தப் புரதங்கள் உண்டு, பாக்டீரியாவுக்கும் உண்டு. விதைமேல் இரண்டும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தால் பொடி ஆள் பார்த்துக் கொல்லாது. விதைக்குப் பொடியும், பாக்டீரியாவுக்கு வேறு வழியும் என்று பிரித்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்தது. கரித்தூளை எருவோடு கலந்து விதைக்கும் சாலில் தூவினாலே போதும். வேர் வளர்ந்து வந்து அதைச் சந்தித்துக்கொள்ளும். கூடுதல் செலவில்லை. கூடுதலாக ஒரு நடை நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அண்ணியின் அண்ணன் நல்ல மனிதர். எனக்கு மாமா முறை. விதை, உரம், மருந்து, தெளிப்பான், ரப்பர் செருப்பு எல்லாம் விற்பார். கல்லாவுக்குப் பின்னால் மருந்து வாடை தலையைப் பிளக்கும். அவருக்கு மட்டும் ஒன்றும் செய்யாது. தாமதமாகப் போடும் பின் விதைப்புக்காக மேட்டு நிலத்துக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர் பேசிக்கொண்டே ஜோடிப் பைகளுக்குப் பின் அடித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா கிருமியம்மா. தட்டைத் தூக்கிக்கிட்டு வந்திருக்க. சாப்பிட ஏதாவது வெச்சிருக்கியா?"

"பாருங்க மாமா. இது தனியா கலந்தது. இது உங்க ஜோடிப் பை."

வாங்கிப் பார்த்தார். "இதுல புள்ளி புள்ளியா பூத்துக் கெடக்கு. இது சுத்தமா இருக்கு. சுத்தமா இருக்கறதுதானே நல்லது?"

"புள்ளிதான் உயிர் மாமா. சுத்தமா இருந்தா எல்லாம் செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

அவர் பின் அடிப்பதை நிறுத்தினார். உண்மையாகவே நிறுத்தினார். நான் முழுதாக விளக்கினேன். வேர் கூப்பிடுவதையும் பாக்டீரியா பதில் சொல்வதையும்கூட. கேட்டார். தலையாட்டினார். பிறகு சொன்னார்: "நீ சொல்றது நியாயமாத்தான் படுது. ஆனா ஒண்ணு சொல்லு. முன்னெல்லாம் உங்க பாக்கெட்டை யாரு வாங்கினா? பொடியை மறக்காம கேட்டு வாங்குவான். உன் கரித்தூளு தூசி படிஞ்சு கெடக்கும். பாவமே, நம்ம தங்கச்சி நாத்தனாரு ஆபீஸ் சாமானாச்சேன்னு நான்தான் பொடியோட சேர்த்துக் கட்டினேன். இப்ப எத்தனை பேர் வாங்குறான் தெரியுமா? ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து முடிச்சு வரலன்னு சொல்லியிருக்கானா? என் மச்சானைத் தவிர?"

தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவருக்கான பதில் வீட்டுக்குப் போகும் வழியில் வந்தது; சைக்கிளை நிறுத்திவிட்டு என்னை நானே திட்டிக்கொண்டேன். அண்ணனின் நிலம் மட்டும்தான் புது மண். மற்றவர்கள் வருஷக்கணக்காக சோயா போடுகிறவர்கள். ஜோடிப் பை வருவதற்கு முன்பு அவர்கள் கலந்த பாக்டீரியாவின் வாரிசுகள் அந்த மண்ணில் இன்னும் குடியிருக்கின்றன. பையில் இருப்பது செத்தாலும் பழைய குடும்பம் வேலை பார்த்துவிடுகிறது. பாட்டன் சொத்தில் சாப்பிடுகிறவனுக்குத் தன் சம்பளம் நின்றுபோனது தெரியாது.

சும்மா சொல்லக் கூடாது, பார்த்துவிட வேண்டும். பக்கத்து வயல்காரரிடம் கேட்டு அவருடைய பச்சைப் பசேலென்ற செடி ஒன்றைப் பெயர்த்தேன். வாளியில் ஊறவிட்டேன். முடிச்சுகள் இருந்தன. ஆனால் எங்கே இருந்தன என்பதுதான் விஷயம். விதையோடு போன பாக்டீரியா, விதைக்குப் பக்கத்திலேயே, நடுவேரின் கழுத்தில் கொத்தாக முடிச்சுப் போடும். மண்ணில் ஏற்கெனவே இருப்பவை பக்கவேர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போடும். இந்தச் செடியின் கழுத்து மொட்டை. முடிச்செல்லாம் ஓரத்தில் சிதறிக் கிடந்தது. இவரும் ஜோடிப் பை வாங்கியவர்தான். இவர் வாளியிலும் எல்லாம் செத்திருக்கின்றன. இவர் மண் அதை மூடி மறைத்துவிட்டது.

ஆக ஊர் முழுக்கச் செத்ததைக் கலந்துகொண்டிருக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரிவது ஒரே ஓர் இடத்தில், என் அண்ணனின் மஞ்சள் வயலில்.

எங்கள் இயக்குநருக்கு ஆய்வுக்கூடத்தில் சரி சார் என்று பெயர். எதைச் சொன்னாலும் சரி என்பார். சண்டை போடுகிறவரைச் சமாளித்துவிடலாம், ஒத்துக்கொள்கிறவரிடம்தான் திண்டாட்டம். மேசைமேல் தட்டுகளையும் இரண்டு வேர்களையும் பரப்பினேன்.

"சரி," என்றார். "ரொம்ப சரி. நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி."

"அப்ப ஜோடிப் பையை நிறுத்தச் சொல்லி கடைக்குச் சொல்லிடலாமா சார்? பின் விதைப்பு ஆரம்பிக்கப் போகுது."

"சொல்லலாம். ஆனா பாருங்க, நம்மள நடத்துற கமிட்டிக்கு வித்த கணக்குதான் தெரியும். இந்தத் தட்டு, புள்ளி, இதெல்லாம் அவங்களுக்குப் புரியாது. நானே வயலுக்கு வந்து நேர்ல பாத்தேன்னு சொன்னா எடுபடும். மஞ்சளா இருக்குன்னீங்கல்ல? போட்டோ எடுத்துக்கலாம். அடுத்த வாரம் வர்றேன்."

"அடுத்த வாரம்னா சார், அது பூ வைக்கிற நேரம். அதுக்குள்ள நைட்ரஜன் கிடைக்கலன்னா காய் பிடிக்காது. எங்கண்ணன் யூரியா போட்டாகணும். போட்டா பச்சையாயிடும். அதுக்கு முன்னாடி நீங்க பாக்கணும்."

"சரி சரி. அதுக்கு முன்னாடியே வர்றேன்."

அதுவரை யூரியா போடாமல் பொறுக்க முடியுமா என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் வயலை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்தார். "அவர் வந்து பாத்துட்டா நிறுத்திடுவாங்களா?"

"நிறுத்திடுவாங்க அண்ணே."

"அப்ப இருக்கட்டும். கொஞ்ச நாள்தானே."

அண்ணி சோற்றுப் பாத்திரத்தை வரப்பில் ணங்கென்று வைத்தார்.

சரி சார் வரவில்லை. வண்டி பழுது என்றார். அதற்கப்புறம் மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றார். ஒவ்வொரு நாளும் நான் அறை வாசலில் நின்றேன். ஒவ்வொரு நாளும் சரி என்றார். வயலில் கீழ் இலைகள் வெளுத்து உதிர ஆரம்பித்தன. செடிக்கு நைட்ரஜன் போதவில்லை என்றால், பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும். வீட்டுச் சாமானை விற்றுச் சாப்பிடுவது மாதிரி. அதனால்தான் மஞ்சள் கீழிருந்து ஏறும். நுனிவரை ஏறிவிட்டால் விற்க ஒன்றும் மிச்சமில்லை.

முதல் மொட்டுகள் தெரிந்த அன்று அண்ணன் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை, பின்வாசலில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இன்னிக்கு யூரியா போடறேன்மா. உன்கிட்ட சொல்லாம போட மனசில்ல."

போடாதே என்று எப்படிச் சொல்வது? "போடுங்க அண்ணே," என்றேன். "கடைசில ஒரு நாலு வரிசை மட்டும் விட்டுடுங்க. அந்த நாலு வரிசை மஞ்சளா இருந்தாப் போதும். பக்கத்துல பச்சையும் இருக்கும், வித்தியாசம் பளிச்சுனு தெரியும்."

"நாலு வரிசைதானே? விட்டுடறேன்."

அன்று சாயங்காலமே நான் போய் நான்கு வரிசையின் இரண்டு முனைகளிலும் குச்சி நட்டு, துணி கட்டிவிட்டு வந்தேன்.

யூரியா போட்டால் முடிச்சு வராது என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பாடு வாசலுக்கே வந்துவிட்டால் யார் அடுப்பு மூட்டுவார்கள்? செடி பாக்டீரியாவைக் கூப்பிடுவதையே குறைத்துவிடும். இனிமேல் நான் எவ்வளவு நல்ல பாக்டீரியாவைக் கொண்டுபோய் ஊற்றினாலும் இந்தப் பருவத்துக்கு அந்த வயலில் என் வேலை முடிந்தது. மீதி அந்த நான்கு வரிசைதான்.

மறுவாரம் சரி சார் வந்தார். சொன்னபடி கேமராவோடு வந்தார். ஜீப்பை விட்டு இறங்கி வரப்பேறியதும், "ஆஹா!" என்றார்.

வயல் முழுக்கப் பச்சை. அடிவரிசை முதல் கடைசி வரிசைவரை ஒரே பச்சை. என் குச்சிகள் மட்டும் துணியை ஆட்டிக்கொண்டு நின்றன.

"மஞ்சள்னு சொன்னீங்க?" என்றார் சரி சார், குற்றம் சொல்லும் குரலில் அல்ல, மகிழ்ச்சியாக.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி என்னை நேராகப் பார்த்தார்.

"நான்தான் போட்டேன்."

"அண்ணி, அந்த நாலு வரிசைதானே…"

"தெரியும். நீ சொன்னது தெரியும், குச்சி தெரியும், எல்லாம் தெரியும். நீ வாரத்துக்கு ஒரு நாள் வந்து பாக்குற. நான் தெனம் தண்ணி பாய்ச்சுறேன். பக்கத்துல இருக்கறதெல்லாம் தின்னுட்டு நிமிந்து நிக்குது, இதுங்க மட்டும் தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு. ஒரே பந்தியில நாலு பேருக்கு மட்டும் எலை போடாத மாதிரி. என்னால முடியலம்மா. உனக்கு ஆதாரம் வேணும்னா வேற யாரு பயிரையாவது பட்டினி போடு."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் கோபம்.

மண்வெட்டியை எடுத்தேன். செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி இறக்கிப் பெயர்த்து வாளியில் முக்கினேன். சரி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மண் கரையும்வரை நான் முடிச்சைப் பற்றிச் சொன்னேன், கழுத்தைப் பற்றிச் சொன்னேன், பக்கத்து வயல் மண்ணின் பழைய குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். வேரைத் தூக்கிக் காட்டினேன். மொட்டை.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து இலையைப் பார்த்தார். இலையில்தான் அவர் கண் நின்றது.

"சரி, முடிச்சு இல்ல. ஒத்துக்கறேன். ஆனா செடி நல்லாத்தானே இருக்கு?"

"அது யூரியா சார்."

"இருக்கட்டும். ஆனா கமிட்டிக்கு நான் எதைக் காட்டுவேன்? பச்சை வயலைக் காட்டி, இது கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியுமா? ஒண்ணு பண்ணலாம். பாக்கெட்டு அட்டையில ஒரு வரி சேர்க்கலாம். பூஞ்சைக்கொல்லியுடன் கலப்பதைத் தவிர்ப்பது நல்லதுன்னு. இப்ப இருக்கற அட்டை தீர்ந்ததும், அடுத்த அச்சுல."

"அட்டை எப்ப சார் தீரும்?"

"நெறைய அடிச்சு வெச்சிருக்கோம். வித்தாத்தான் தீரும்."

அந்த நேரம் பார்த்து மாமாவின் மொபெட் வந்தது. இயக்குநர் வந்திருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மரியாதைக்கு ஒரு ஜோடிப் பையையும் கொண்டுவந்திருந்தார். சரி சார் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "அமைப்பா இருக்கே," என்றார். வயலுக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். கேமராவை என் கையில்தான் கொடுத்தார்கள். எடுத்தேன். பின்னால் பச்சை நன்றாக விழுந்திருந்தது.

ஜீப் போனதும் மாமா மட்டும் நின்றார். வாளியோரம் கிடந்த வேரை எடுத்து, நடுவேரின் கழுத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"இங்கதான் கொத்தா இருக்கணும்னியே?"

"ஆமா மாமா."

"இந்தப் பச்சை யூரியாவோடதுன்னு எனக்கும் தெரியும்மா. மூட்டையை வித்தவனே நான்தானே." கொஞ்சம் சிரித்தார். "உங்க ஆபீஸ் ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னிக்கே ஜோடியைப் பிரிச்சுடறேன். அவங்க சொல்லாம நான் பிரிச்சா, விக்கத் தெரியாதவன்னு ஏஜென்சியை வேற கடைக்கு மாத்திடுவாங்க."

"அவங்க சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா?"

"ஆகாது. ஆனா பின் விதைப்புக்கு அந்த மேட்டு நிலத்துல எத்தனை பேர் புது மண்ணுல சோயா போடறாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். அத்தனை பேருக்கும் இதே மஞ்சள் வரும். அப்ப உங்க கடைக்குத்தான் வருவாங்க, எங்க ஆபீஸுக்கு வரமாட்டாங்க."

அவர் வேரைக் கீழே போட்டுவிட்டு மொபெட்டை உதைத்தார்.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். பின் அடித்த ஜோடிப் பைகள் சுவரோரம் இடுப்புயரம் அடுக்கியிருந்தன. கேட்காமல் தரையில் உட்கார்ந்தேன். ஒரு பையை எடுத்து, கத்தி முனையால் பின்னை நெம்பினேன். கரித்தூள் ஒரு பக்கம், சிவப்புப் பொடி ஒரு பக்கம்.

"ஏம்மா, சீசன் நேரத்துல கடையில வந்து அழிச்சாட்டியம் பண்ற?"

"உங்க சாமான் எதையும் கெடுக்கல மாமா. பிரிச்சுத்தான் வைக்கிறேன்."

"பிரிச்சு வெச்சா உன் பாக்கெட்டை எவன் வாங்குவான்?"

"வாங்க வேண்டாம்."

"வேண்டாமா? உன் ஆபீஸ் சாமான்மா அது!"

"செத்துப்போனதை வாங்கிட்டுப் போறதுக்கு வாங்காமலே இருக்கலாம்."

அவர் என்னை வெறித்தார். கடைக்குள் இரண்டு பேர் வந்துவிட்டதால் திட்ட முடியவில்லை. இழுப்பறையைத் திறந்து பின் எடுக்கும் கருவியை என் பக்கம் வீசினார். "கத்தி வேண்டாம். பாக்கெட்டைக் கிழிச்சு வெச்சுட்டேன்னா கரித்தூளு தரையெல்லாம் போகும்."

மதியத்துக்குள் பாதி அடுக்கைப் பிரித்துவிட்டேன். விரல் நுனியெல்லாம் பின் குத்திய காயம். கரித்தூள் பாக்கெட்டுகளைத் தனியே ஒரு பலகையில் அடுக்கினேன். வந்தவர்கள் எல்லாரும் சிவப்புப் பொடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். மாமா என் பக்கம் திரும்பி, சொன்னேன் பார்த்தாயா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். ஒவ்வொரு முறையும் உயர்த்தினார்.

தொப்பி போட்ட ஒருவர் மட்டும் நின்று, கரித்தூள் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது ஜோடியாத்தானே வரும்?"

"இனிமே தனித்தனி. நீங்க போடப்போறது புது மண்ணா, இதுக்கு முன்னாடி சோயா போட்ட மண்ணா?"

"புது மண்ணு. மக்காச்சோளம் போட்ட எடம்."

"அப்ப இது கட்டாயம் வேணுங்க."

"சரி, ரெண்டும் குடு. ஒரே வாளில போட்டுப் பெரட்டிடறேன்."

"அதுதான் கூடாது. பொடியை விதையில போடுங்க. இதை எருவோட கலந்து சால்ல தூவுங்க."

"ரெண்டு வேலையா?"

"ரெண்டு வேலைதான்."

"ஏன், ஒண்ணா போட்டா என்ன ஆகும்?"

நான் மூச்சை இழுத்தேன். மாமா கல்லாவிலிருந்து, "ஐயா, அவசரமா இருந்தா கேக்காதீங்க. அந்தம்மா வேருலேர்ந்து ஆரம்பிக்கும்," என்றார்.

தொப்பிக்காரர் வெளியே நிறுத்தியிருந்த வண்டியை ஒரு முறை பார்த்தார். பிறகு உர மூட்டைமேல் உட்கார்ந்தார். "சுருக்கமா சொல்லு," என்றார்.

"சுருக்கமா சொல்ல வராதுங்க," என்றேன். "செடி மண்ணுக்குள்ள இருந்துக்கிட்டு ஒருத்தரைக் கூப்பிடும். அதுலேர்ந்து சொல்றேன்."